குடலில் வந்த கட்டியும் அதற்குப் பிறகான ஆண்டுகளும்

பெருங்குடல் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. சிறுகுடல் முடியும் இடத்திலிருந்து மலவாய் வரை வயிற்றின் ஓரமாகச் சுற்றிவரும் ஒன்றரை மீட்டர் நீளக் குடலின் உட்சுவரில், முதலில் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சதை முளைக்கிறது. மருத்துவர்கள் அதைப் பாலிப் என்பார்கள். வலி இருக்காது, ஆளுக்குத் தெரியவும் தெரியாது. பாலிப்புகளில் பெரும்பாலானவை கடைசிவரை அப்படியே கிடந்துவிடும். சிலவற்றில் மட்டும் மரபணுக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அது புற்றாக மாறுகிறது. எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990இல் இந்தப் படிகளை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். இந்த நோயைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடிவதற்கு முதல் காரணம் இந்தப் பத்தாண்டு அவகாசம்தான். பாலிப்பாக இருக்கும்போதே குழாய் விட்டு வெட்டி எடுத்துவிட்டால் அது புற்றாக வளர வழியில்லை. புற்றான பிறகும், குடல் சுவரைத் தாண்டாத வரை, அறுவை சிகிச்சை ஒன்றே பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடுகிறது.

2022இல் உலகம் முழுக்க 19 லட்சம் பேருக்கு மேல் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் இந்நோய் வரும் விகிதம் மேலை நாடுகளைவிட மிகக் குறைவு. ஆனால் வந்தவர்கள் பிழைக்கும் விகிதமும் குறைவு. 2018இல் லான்செட் இதழில் வந்த கான்கார்ட் ஆய்வின்படி, தென் கொரியாவில் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள். இந்தியப் பதிவேடுகளில் பத்துக்கு நான்குகூடத் தேறவில்லை. கட்டி ஒன்றுதான், அடிப்படை மருந்துகளும் ஒன்றுதான். எப்போது வந்து சேர்கிறார்கள், தொடங்கிய சிகிச்சையை முடிக்கிறார்களா என்பதில்தான் வித்தியாசத்தின் பெரும்பங்கு இருக்கிறது. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டி, 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட சடையங்குப்பம் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால், அந்த வித்தியாசம் எந்தெந்த இடத்தில் உண்டாகிறது என்பது நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்த கதையே இந்த நோயில்தான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதில் இறந்தார். முதலில் அது சீதபேதி என்றே வைத்தியம் பார்க்கப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரின் வீட்டிலேயே நடந்தது இது. அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. லண்டன் சென்று புற்றுநோய் பற்றிப் படித்தார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். அப்போது அதைக் கேட்க ஆளில்லை. கடைசியில் 1952இல் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் சீதபேதி என்று ஏமாற்றிய அதே நோய் இன்று வேறொரு பெயரில் ஏமாற்றுகிறது.

அந்தப் பெயர் மூலம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும், மின்சார ரயில் பெட்டிக்குள் பார்த்தாலும், மூலம், பவுத்திரம் குணமாகும் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மலத்தோடு ரத்தம் போனால் முதலில் நினைவுக்கு வருவது அந்த நோட்டீஸ்தான். பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவே இருக்கவும் செய்யும். தவறு அதில் இல்லை. உள்ளே பார்க்காமலே மூலம் என்று முடிவுகட்டி, ஊசி போட்டு, லேகியம் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டுவதில்தான் தவறு. மூல ரத்தம் பொதுவாகப் பளிச்சென்ற சிவப்பில் மலத்துக்கு மேலே சொட்டும். மலத்தோடு கலந்த ரத்தம், சளியோடு வரும் ரத்தம், கருஞ்சிவப்பாகப் போவது, இருந்தாற்போல் சில வாரங்களாக மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை வேறு கதை சொல்பவை. மருத்துவர் கையுறை போட்டு விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், செலவு ஏதும் இல்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டி பலவும் விரலுக்கே தட்டுப்படும். கூச்சத்தால் நோயாளியும் கேட்பதில்லை, அவசரத்தால் மருத்துவரும் செய்வதில்லை.

இன்னொரு ஏமாற்று உண்டு, அது இன்னும் மௌனமானது. வயிற்றின் வலப்பக்கம், குடல் அகலமாக இருக்கும் இடத்தில் கட்டி வந்தால் அடைப்பும் வராது, கண்ணுக்கு ரத்தமும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே கசியும். ஆள் வெளுத்துப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பார். ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரையும் டானிக்கும் எழுதித் தருவார்கள். ஐம்பது வயது ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று தேடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஒழுகும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணூர் அனல்மின் சாம்பல் ஆகியவற்றின் நடுவே வாழ்கிறவர்கள், புற்றுநோய் என்றதும் காற்றையும் தண்ணீரையும் சந்தேகிப்பது இயல்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் சேர்ந்து ஆற்றிலும் வீடுகளிலும் படிந்ததைக் கண்ட மக்கள் அப்படி நினைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அறிவியல் இதில் உறுப்புக்கு உறுப்பு வேறு பதில் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் வெளிக்காற்று மாசை நுரையீரல் புற்றுக்கு உறுதியான காரணமாக அறிவித்தது. பென்சீனுக்கும் ரத்தப் புற்றுக்கும் உள்ள உறவும் உறுதியானது. பெருங்குடலைப் பொறுத்தவரை ஆஸ்பெஸ்டாசுக்கு ஓரளவு சான்று உண்டு, அவ்வளவே. இதற்கு உறுதியாகச் சொல்லப்பட்ட காரணங்கள் மது, புகை, உடல் பருமன், அசையாத வாழ்க்கை, பதப்படுத்திய இறைச்சி, வயது, குடும்ப வழி. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் ஆபத்து 18 விழுக்காடு கூடுகிறது என்று அதே அமைப்பு 2015இல் கணக்கிட்டது. இங்கே அன்றாடம் உண்ணப்படும் நெத்திலிக் குழம்புக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இவற்றில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. எனவே நோய் வந்தவரிடம் நீ என்ன தின்றாய், என்ன குடித்தாய் என்று விசாரணை நடத்துவதில் பயனில்லை. மாசு குறைய வேண்டும் என்ற கோரிக்கைக்கு நுரையீரலே போதுமான காரணம். குடலையும் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை.

நோயை உறுதி செய்வது கொலனோஸ்கோபி. முந்தைய நாள் கஞ்சித் தண்ணீர், இளநீர் போன்ற நீர் ஆகாரம் மட்டும். மாலையிலிருந்து பேதி மருந்து கலந்த நீரை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். நான்கு குடித்தனம் ஒரு கழிப்பறையைப் பயன்படுத்தும் வளாகத்தில் இந்த ஓர் இரவு பரிசோதனையைவிடக் கடினம். தள்ளிப்போடுவதற்கு இதுவே காரணமாகிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் முன்கூட்டியே சொன்னால் முந்தைய நாளே வார்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பரிசோதனையில் கேமரா பொருத்திய வளையும் குழாய் மலவாய் வழியாகச் செல்லும். அரை மணி நேரத்தில் பொதுவாக முடிந்துவிடும். சந்தேகப்படும் இடத்திலிருந்து துளி சதை கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவார்கள். கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் கிளம்பிவிடும் என்ற பேச்சு இந்தக் கட்டத்தில் எப்படியும் வரும். குடல் கட்டியில் பயாப்சி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காவிட்டால் சிகிச்சையே தொடங்காது.

அடுத்து ஸ்கேன், அதன் பிறகு ஸ்டேஜ். கட்டி குடல் சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பக்கத்து நெறிக்கட்டிகளில் புகுந்திருக்கிறதா, ஈரல், நுரையீரல் வரை போய்விட்டதா என்ற மூன்று கேள்விகளின் விடைதான் அந்த எண். இப்படிப் பிரிக்கும் வழக்கத்தை 1932இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் தொடங்கினார். அமெரிக்கப் பதிவேடுகளில், குடலுக்குள்ளேயே நிற்கும் நோயில் 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். நெறிக்கட்டிவரை போனால் 70க்குச் சற்று மேல். தொலைவில் பரவியிருந்தால் 15க்குப் பக்கத்தில். அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனுக்கு 1985 ஜூலையில், 74 வயதில், பெருங்குடலில் புற்று கண்டறியப்பட்டு இரண்டடி நீளக் குடலை வெட்டி எடுத்தார்கள். பதவியில் இருந்தபடியே மீண்டு, 2004இல் 93 வயதில் வேறு நோயால் இறந்தார். அவருக்கு வாய்த்தது விசேஷ மருந்தில்லை. மலத்தில் மறைந்திருந்த ரத்தம் சோதனையில் தெரிந்த சில மாதங்களில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கட்டி தெரிந்த அடுத்த நாளே அறுத்தார்கள். 1985இன் அறுவை முறையைவிட மேம்பட்டது இன்று வடசென்னையிலேயே கிடைக்கிறது.

பழைய சிறைச்சாலைச் சாலையில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அங்கே இரைப்பை, குடல் அறுவைக்கென்று தனித் துறை இருக்கிறது. கல்லீரல் மாற்று அறுவை வரை செய்த துறை. சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, அதாவது ஜி.எச்.; தெற்கே அடையாறு. விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு ஜி.எச். போவது எளிதாகியிருக்கிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதும் மாதக்கணக்கில் அலையும் நோயாளிக்குச் சிறிய விஷயம் கிடையாது.

அறுவையில் கட்டி உள்ள குடல் பகுதியை இருபுறமும் இடம் விட்டு, நெறிக்கட்டிகளோடு சேர்த்து எடுத்துவிட்டு, மீதிக் குடலை இணைப்பார்கள். ஒன்றரை மீட்டரில் ஓர் அடி, இரண்டடி போனாலும் செரிமானம் நின்றுவிடாது. பெருங்குடலின் முக்கிய வேலை நீரை உறிஞ்சுவதுதான், அதை மீதிப் பகுதி சில மாதங்களில் பழகிக்கொள்ளும். மலக்குடலில் வந்தால் மட்டும் சிக்கல் கூடும். அங்கே அறுவைக்கு முன் கதிர்வீச்சு, மக்கள் சொல்வதுபோல் கரண்ட் வைப்பது, பெரும்பாலும் தேவைப்படும். 1908இல் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த முறையில் மலவாயே எடுக்கப்பட்டு வாழ்நாள் முழுக்கப் பைதான். 1982இல் பில் ஹீல்ட் மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு முழுசாக உரித்தெடுக்கும் நுட்பத்தைச் சொன்ன பிறகு நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. மலவாயைக் காப்பாற்றுவதும் பலருக்குச் சாத்தியமானது. பிரேசிலின் ஏஞ்சலிட்டா ஹப்ர்-காமா இன்னும் ஒரு படி போனார். கதிர்வீச்சும் மருந்துமே கட்டியைக் கரைத்துவிட்டால் அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று காட்டினார். முதலில் அவரை நம்பியவர்கள் குறைவு. இன்று உலகெங்கும் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இது செய்யப்படுகிறது.

பை வைப்பது என்ற சொல்லைக் கேட்டதும் சிகிச்சையே வேண்டாம் என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. அடிவயிற்றில் குடலின் ஒரு முனையை வெளியே எடுத்துத் தைத்து, அதன்மேல் ஒட்டும் பை அது. பல பேருக்கு இது தற்காலிகம்தான். உள்ளே போட்ட இணைப்பு ஆறிய பிறகு, சில மாதங்களில், திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள். நிரந்தரமாக வைத்துக்கொள்கிறவர்களும் வேலைக்குப் போகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சட்டைக்கு வெளியே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவை நடைமுறை விஷயங்கள்: மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் கனத்தில் பிய்ந்துகொள்ளும். ஒட்டும் தட்டின் துளையைக் குடல் வாயின் அளவுக்குச் சரியாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும். சென்னை வியர்வையில் தட்டு விட்டுப்போவது சகஜம் என்பதால் தோலை ஈரமின்றித் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். சிறுகுடலில் பை வைத்தவர்களுக்குக் கோடையில் உப்பும் நீரும் வேகமாக வெளியேறும்; உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் அவர்களுக்கு மருந்துக்குச் சமம். துறைமுகத்திலும் கண்டெய்னர் யார்டுகளிலும் சுமை தூக்குகிறவர்கள் அறுவைக்குப் பின் சில மாதம் கனம் தூக்கினால் பை வைத்த இடத்தில் குடல் பிதுங்கும். லேசான வேலைக்கு மாற்றித் தரும்படி மருத்துவர் எழுதும் சீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. 2015, 2021, 2023 என்று அடுத்தடுத்து வெள்ளம் கண்ட ஊரில் இன்னொன்றும் உண்டு. இரண்டு வாரத்துக்கான பைகளும் சிகிச்சைச் சீட்டுகளும் தண்ணீர் புகாத உறையில் பரண்மேல் இருக்க வேண்டும்.

நெறிக்கட்டியில் நோய் இருந்தால் அறுவைக்குப் பின் கீமோ. ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸில் ஏறும்; கேப்சிடபின் மாத்திரையாக, இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விடுவது. முன்பு எல்லோருக்கும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 12,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆறு ஆய்வுகளின் கூட்டு முடிவு 2018இல் வந்தபோது, ஆபத்து குறைந்தவர்களுக்கு மூன்று மாதமே ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்று தெரிந்தது. கைகால் மரத்துப்போகும் பக்க விளைவு அதனால் பெருமளவு குறைந்தது. ஆக்சாலிபிளாட்டினுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி பட்டால் விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கும். காசிமேட்டில் ஐஸ் அள்ளுகிறவர்களும் மீன் வெட்டுகிறவர்களும் அந்த நாட்களில் வேலையிலிருந்து விலகித்தான் ஆக வேண்டும். கேப்சிடபின் உள்ளங்கையை உரிக்கும். உப்புத் தண்ணீரில் கை வைக்க முடியாது. இவற்றை மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ வழி உண்டு. சொல்லாமல் பாதியில் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

பாதியில் நிற்பதற்குப் பணமும் ஒரு காரணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்த அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றையும் உள்ளடக்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றோடு காப்பீட்டு அட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், நோய் தெரிந்த வாரத்திலேயே அலுவலகம் அலுவலகமாக ஓட வேண்டியிராது. திட்டம் தராதது நாட்கூலி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சம்பளம் போவதையும், கூட வருகிறவரின் சம்பளம் போவதையும் எந்த அட்டையும் ஈடுகட்டுவதில்லை.

மனம் உடைவது பற்றி மருத்துவப் புத்தகங்கள் சுருக்கமாகத்தான் எழுதுகின்றன. இங்கே நோயின் பெயரே பெரும்பாலும் நோயாளியிடம் மறைக்கப்படுகிறது. "அவருக்குத் தெரிய வேணாம் டாக்டர், தெரிஞ்சா உடைஞ்சி பூடுவாரு" என்று மகனோ மனைவியோ கதவருகே நின்று கெஞ்சுவது புற்றுநோய் வார்டுகளில் பழகிய காட்சி. அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் வயிற்றில் புண் என்று நம்புகிற ஆள் மூன்றாவது கீமோவுக்கு ஏன் போக வேண்டும்? அடுத்த படுக்கைக்காரர் பேச்சுக்கொடுத்த பிறகு எப்படியும் தெரிந்துவிடும். அப்போது நோயோடு சேர்த்து வீட்டாரின் பொய்யையும் தாங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. கட்டி என்ன, என்ன செய்யப்போகிறார்கள், எதற்காக என்ற அளவுக்குத் தெரிந்தாலே பலர் எதிர்பார்த்ததைவிடத் திடமாக நிற்கிறார்கள். தட்டு, டம்ளரைத் தனியே வைப்பதும் வேண்டாம். இது தொற்றுவதில்லை. பை வைத்தவர் கோவிலுக்குப் போகலாமா என்ற தயக்கமும் பல வீடுகளில் உண்டு. அறுவைத் தழும்பு உள்ளவருக்கு இல்லாத தடை பை உள்ளவருக்கு மட்டும் எப்படி வரும் என்பதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. மலக்குடல் அறுவையிலும் கதிர்வீச்சிலும் நரம்புகள் பாதிக்கப்பட்டுத் தாம்பத்திய உறவில் சிரமம் வரலாம் என்பது இன்னும் பேசப்படாத பகுதி. கேட்டால் சிகிச்சை உண்டு, கேட்பவர்கள்தான் இல்லை.

நாட்டு மருந்து மட்டும் போதும் என்று போகிறவர்களைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்த அமெரிக்க நோயாளிகளை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒப்பிட்டபோது, பெருங்குடல் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு அதிகமாக இருந்தது.

சிகிச்சை முடிந்த பிறகு ஐந்தாண்டு கண்காணிப்பு. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்றாண்டுகளுக்குள்தான் திரும்பும். அதனால் ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன், ஓராண்டு முடிவில் கொலனோஸ்கோபி. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய வாரம் தூக்கம் போவது சகஜம். சாதாரண வயிற்று வலிகூட நோய் திரும்பிவிட்டதோ என்று தோன்றும். ஐந்தாண்டு தாண்டியவர்களுக்கு அது திரும்புவது அரிது. இந்தக் காலத்தில் நோயாளி தன் கையால் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்கு நெடுங்காலம் உறுதியான பதில் இல்லாமல் இருந்தது. 2025 ஜூனில் ஒரு பதில் வந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பகுதி நடந்த சேலஞ்ச் ஆய்வில், கீமோ முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்றாண்டு பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி; மறுபாதிக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டாண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களில் 90 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 83. ஒரு புது மருந்து இவ்வளவு தந்திருந்தால் அதன் விலை லட்சங்களில் இருந்திருக்கும். வாரம் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். லாரிகள் ஓடத் தொடங்குவதற்கு முன் விடியலில் நடப்பது இந்தப் பகுதிக்குத் தோதானது. உட்கார்ந்து ஓய்வெடு என்று வீட்டார் வற்புறுத்துவதுதான் இதற்கு முதல் தடை.

நான்காம் ஸ்டேஜ் என்றாலும் ஒரே வகை முடிவு கிடையாது. ஈரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பரவியிருந்தால் அதையும் அறுத்தெடுக்கலாம். அப்படி எடுக்க முடிந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பழுதுநீக்கக் குறை இருப்பவர்களுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைக் கிளப்பிவிடும் மருந்துகள் வேலை செய்கின்றன. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2022இல், இந்தக் குறையுள்ள, தொலைவுக்குப் பரவாத மலக்குடல் புற்றுக்கு டோஸ்டார்லிமாப் கொடுத்து முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்ததாக அறிவித்தது. உலகச் செய்தியானது அது. நோயாளிகளில் சிறு பகுதியினருக்கே அந்தக் குறை இருக்கும், விலையும் எட்டாத உயரம் என்ற இரண்டு செய்தியும் தலைப்புகளில் வரவில்லை. குணமாக்க முடியாத நிலையில் வலியைப் போக்குவதும் மருத்துவமே. சடையங்குப்பத்திலிருந்து சிறிது தொலைவில், மணலியை அடுத்த மாத்தூரில், ஜீவோதயா என்ற காப்பகம் முற்றிய புற்றுநோயாளிகளை 1990களிலிருந்து கட்டணமின்றிப் பராமரிக்கிறது. அங்கே போவது கைவிடுவதாகாது. வலியின்றித் தூங்கி, விரும்பியதைச் சாப்பிட்டு, வீட்டாரோடு பேச முடிகிற நாட்களின் எண்ணிக்கை அதனால் கூடுகிறது.

மீண்டவரின் குடும்பத்துக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது என்றாலும், தேசிய அளவில் நடக்கும் முன்கூட்டிய பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கு மட்டுமே. பெருங்குடல் அதில் இல்லை. ஆகவே வாசலுக்கு யாரும் வரப்போவதில்லை, இவர்களாகத்தான் போய்க் கேட்க வேண்டும். பெற்றோரில், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு அளவுக்குக் கூடுகிறது. குடும்பத்தில் பலருக்குக் குடல் புற்றோ கருப்பைப் புற்றோ இளம் வயதில் வந்திருந்தால் லிஞ்ச் நோய்க்குறி என்ற மரபுக் குறை இருக்கக்கூடும். அறுத்தெடுத்த கட்டியின் சதைத் துண்டிலேயே அதற்கான முதல் பரிசோதனையைச் செய்யலாம் என்பதால் மருத்துவமனை தரும் பயாப்சி பிளாக்கை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பொதுவான விதி, 40 வயதில், அல்லது நோய் வந்தவருக்கு அப்போது இருந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னால், இவற்றில் எது முந்தியதோ அப்போது முதல் கொலனோஸ்கோபி. 45 வயதில் அண்ணனுக்கு நோய் வந்திருந்தால் தம்பிக்கும் தங்கைக்கும் 35இல். ஒன்றும் இல்லையென்றால் ஐந்தாண்டு கழித்து அடுத்தது. பாலிப் இருந்து எடுத்திருந்தால் அதன் அளவையும் எண்ணிக்கையையும் பார்த்து, மூன்றாண்டிலோ அதற்கு முன்னரோ.